எந்தக் காலனி?

டெலிபோன் மணி அடிப்பதற்கு முன்னால் 'க்ளுக்' என்று ஒரு சின்னச் சத்தம் வரும். வெளிநாட்டு கால் என்றால் அது கொஞ்சம் நீளும். எனக்கு மட்டும்தான் அது கேட்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை சரோஜம்மா ஸ்டூலிலிருந்து பாதி எழுந்து, "வருது, வருது" என்றார். மணி அடித்தது.

இரண்டு பேரும் ஒரே போனுக்காகக் காத்திருந்தோம். இது எனக்குத் தெரியும், சரோஜம்மாவுக்குத் தெரியாது. லைனில் வருவது அவருக்கு மகன். எனக்கு யார் என்று சொல்ல அப்போது என்னிடம் சொல் இல்லை. இப்போதும் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன்.

இந்தத் தொடரை முதலிலிருந்து படிப்பவர்களுக்குத் திருத்தணி ஸ்டேஷன் பக்கம் எங்கள் சித்தப்பா வைத்திருந்த எஸ்.டி.டி. பூத்தைத் தெரியும். புதிதாக வருகிறவர்களுக்காகச் சொல்கிறேன். மஞ்சள் போர்டு, கண்ணாடிக் கூண்டு, உள்ளே வியர்வை வாசனை, வெளியே ஒரு மர ஸ்டூல். அவ்வளவுதான் பூத். கால் ஊனம் என்பதால் சித்தப்பாவுக்குக் கிடைத்தது. அவரோ டீக்கடைக்கு அரசியல் பேசப் போய்விடுவார். தபால் வழியில் பி.ஏ. வரலாறு முடித்து, வேலைக்கு எழுதிப்போட்டுவிட்டுக் காத்திருந்த நான் உள்ளே உட்காருவேன். கூண்டில் ஆள் இருந்தால் மீட்டரைப் பார்ப்பேன். இல்லாவிட்டால் புத்தகம்.

மணி அடித்தால் நான்தான் எடுக்க வேண்டும். எடுத்து, ஹலோ சொல்லி, லைன் நிற்கிறதா என்று பார்த்து, பிறகுதான் உரியவர் கையில் கொடுப்பேன். அந்தச் சின்ன இடைவெளியில் சரோஜம்மாவின் மகன் முனிரத்தினம் எனக்கென்று ஒரு வார்த்தை சொல்வார். ஒரு வாரத்துக்கு ஒரு வார்த்தை.

"எஸ்தரு, இங்கயும் காலின்னா காலிதான்."

"இருங்க, அம்மா கிட்ட குடுக்கறேன்" என்பேன், குரலில் ஒன்றும் காட்டாமல்.

அவர் இருந்தது சூடான் நாட்டில், கார்ட்டூம் நகரத்தில். எண்ணெய்க் குழாய் பதிக்கிற கம்பெனி ஒன்றின் மெஸ்ஸில் சமையல் வேலை. திருத்தணியில் சத்திரத்துச் சோறு ஆக்கிக்கொண்டிருந்தவர் அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தார் என்பதற்கு நான் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். பாதி காரணம் நான். மீதி காரணம் யாரும் தொடாத இரண்டு அலமாரிகள்.

'இதர'

தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் நாளிதழ் மேசைக்குத்தான் கூட்டம். கிருத்திகை அன்று மட்டும், மொட்டை போட்டுக்கொண்ட தலையில் சந்தனம் காயாத வெளியூர்க்காரர்கள் மின்விசிறிக்காக உள்ளே வந்து உட்காருவார்கள். நூலகர் நல்ல மனிதர், யாரையும் எழுப்பமாட்டார்.

பின்சுவர் ஓரம் இரண்டு இரும்பு அலமாரிகள் இருந்தன. ஆப்பிரிக்காவில் பல வருடம் வாத்தியாராக இருந்துவிட்டு ஊர் திரும்பிக் காலமான ஒருவரின் புத்தகங்கள். வீட்டில் இடம் அடைக்கிறது என்று குடும்பத்தார் கொண்டுவந்து கொடுத்துவிட்டார்கள். எல்லாம் ஆங்கிலம். ஆப்பிரிக்க அரசுகள், அரபு வணிகர்கள், அடிமைக் கப்பல்கள், பருத்தி, செம்பு, ரயில் பாதை, விடுதலை, விடுதலைக்குப் பிறகு வாங்கிய கடன். நூலகர் யோசித்துப் பார்த்துவிட்டு அலமாரியின் நெற்றியில் 'இதர' என்று சீட்டு ஒட்டியிருந்தார். இரண்டு மூன்று கண்டங்களின் கதை எங்கள் ஊரில் இதர.

முதல் புத்தகத்தை எடுத்தபோது எனக்கு வந்தது சந்தோஷமில்லை, கோபம். பள்ளிக்கூடத்தில் 'இருண்ட கண்டம்' என்று ஒரு வரி எழுதி மார்க் வாங்கியவள் நான். அங்கே நகரங்கள் இருந்தன, பாலைவன ஓரத்தில் கையெழுத்துச் சுவடிகள் விற்ற கடைகள் இருந்தன, அரபு வணிகர்கள் நம் கடற்கரை வரை வந்துபோனார்கள் என்று யாராவது ஒரு டீச்சர் ஒரு நாள் வாய் தவறியாவது சொல்லியிருக்கக் கூடாதா?

ரயில் பாதை பற்றிய அத்தியாயம் என்னை ரொம்ப நாள் விடவில்லை. சுரங்கத்திலிருந்து துறைமுகத்துக்குத்தான் தண்டவாளம் போட்டார்களாம். பக்கத்துப் பக்கத்து ஊர்களை இணைக்க ஒரு பாதையும் இல்லையாம். மணவூரில் இருக்கும் பெரியம்மா வீட்டுக்குப் போகும்போதெல்லாம் ஜன்னலோரம் உட்கார்ந்து, இந்தப் பாதை யாருக்காகப் போட்டது என்று யோசித்துக்கொண்டே திருவாலங்காட்டுக் கரும்பு வயல்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பெரியம்மா, "இன்னாடி, மூஞ்சி ஒரு மாதிரி கீது, பசியா?" என்பார்.

முனிரத்தினம் நூலகத்துக்கு வந்தது படிக்க அல்ல, தூங்க. மலைக்குக் கீழே ஒரு சத்திரத்தில் அவர்கள் குடும்பம்தான் வழிவழியாகச் சமையல். பகல் பந்தி முடிந்து, அண்டா கழுவி, மேலெல்லாம் புளியோதரை மணக்க வருவார். நாளிதழை முகத்தில் போட்டுக்கொண்டு அரை மணி நேரம் தூங்குவார். ஒரு நாள் தூக்கம் கலைந்து என் கையிலிருந்த புத்தகத்தை எட்டிப் பார்த்தார். மண்ணால் கட்டிய பெரிய பள்ளிவாசல் படம். சுவரெல்லாம் மரக்கட்டைகள் நீட்டிக்கொண்டிருக்கும்.

"இது இன்னாங்க, புத்துக்கோயிலா?"

"பள்ளிவாசல்ங்க. ஆப்பிரிக்காவுல."

"மண்ணுலயா? மழ வந்தா?"

"வருஷா வருஷம் ஊரே சேர்ந்து மறுபடி பூசுவாங்களாம்."

அவர் படத்தை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "நம்ம கோட்டடுப்பு மாதிரி. ஆடிக் கிருத்திக முடிஞ்சா நாங்களும் மண்ணு கொழைச்சி மெழுகறோமே." பிறகு சாதாரணமாக, "அப்புறம் இன்னா போட்டுருக்கு, சொல்லுங்க" என்றார்.

அப்படித்தான் ஆரம்பித்தது. அவருக்கு ஆங்கிலம் வராது. நான் மனதுக்குள் ஒரு பத்தி படித்துவிட்டுத் தமிழில் சொல்வேன். அவர் குறுக்கே குறுக்கே கேட்பார். நாளிதழ் மேசையிலிருந்து யாராவது 'உஸ்' என்றால் குரலைத் தாழ்த்திக்கொள்வோம். பந்தி முடியும் நேரம் எனக்கு மனப்பாடமானது. ஒரு மணி தாண்டினால் கண் வாசலுக்குப் போகும்.

காலனிக்காரங்க எப்போ ஆண்டாங்க?

ஒரு நாள் வரி இப்படி வந்தது. நான் தமிழில் சொன்னேன்: "அறுபது வருஷம் அந்த நாட்டுல காலனி ஆட்சி நடந்தது."

முனிரத்தினம் நிமிர்ந்து உட்கார்ந்தார். முகத்தில் நிஜமான ஆச்சரியம். "அட! காலனிக்காரங்க அங்க ஆட்சியே பண்ணாங்களா? அறுவது வருஷமா?"

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்கினேன், முடியவில்லை. நூலகர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

எங்கள் பக்கத்தில் பிறக்காதவர்களுக்கு இது புரியாமல் போகலாம். எங்கள் ஊர்களில் ஊர் என்று ஒன்று உண்டு, கொஞ்சம் தள்ளிக் காலனி என்று ஒன்று உண்டு. அரசாங்கம் அந்தத் தெருக்களில் தொகுப்பு வீடு கட்டிக் கொடுத்தபோது பழைய பெயரை எடுத்துவிட்டுக் காலனி என்று போர்டு வைத்தது. பெயர் மாறியது, தூரம் மாறவில்லை. கே.ஜி.கண்டிகையில் பஸ்ஸிலிருந்து இறங்கி, "காலனி எந்தப் பக்கம்?" என்று கேட்டால் கை காட்டுவார்கள். கை காட்டும்போதே கேட்டவரை ஒருமுறை மேலும் கீழும் பார்ப்பார்கள்.

"அந்தக் காலனி இல்லீங்க" என்றேன். "வெள்ளைக்காரன் போயி புடிச்ச நாட்டுக்குக் காலனின்னு பேரு. நம்ம நாடு கூட அவனுக்குக் காலனிதான்."

"அப்ப மொத்த ஊரும் காலனியா? நாங்களுமா?"

"ஆமா. நீங்களுந்தான்."

அவர் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். "எங்க நைனா கிட்ட சொன்னா கரண்டியால அடிப்பாரு." சிரிப்பு அடங்கும்போதே கேட்டார், "நீங்க எங்க கீறீங்க? ரயில்வே காலனியா?"

"இல்ல. ரயில் கேட்டுக்கு அந்தாண்ட. காலனி" என்றேன். "வெறும் காலனி."

சர்ச் இருக்கும் தெரு எங்களுடையது. எங்கள் தாத்தாவின் தாத்தா காலத்தில் மிஷன் துரைமார்கள் வந்து ஞானஸ்நானம் கொடுத்து, பள்ளிக்கூடம் வைத்து, பெயரெல்லாம் மாற்றிவிட்டுப் போனார்கள். அதனால்தான் எனக்கு எஸ்தர் என்று பெயரும் நாலு வரி ஆங்கிலமும். வீடு இருந்த இடம் மட்டும் அப்படியே இருந்தது.

முனிரத்தினம் எழுந்து போய்விடுவார் என்று எதிர்பார்த்தேன். வேறு நாற்காலிக்காவது நகர்வார் என்று நினைத்தேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு மெதுவாகச் சொன்னார். "அங்க காலனின்னா வந்தவன் குந்திகினு அதிகாரம் பண்ற எடம். இங்க காலனின்னா நாங்க தள்ளி வெச்ச எடம். ஒரே பேரை எப்படிங்க ரெண்டுக்கும் வெச்சானுங்க?"

"ரெண்டுலயும் காலனியில இருக்கறவன்தான் அடி வாங்கறான். அதனால வெச்சிருப்பாங்க" என்றேன். கோபத்தில் சொன்னதுதான். ஆனால் அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் நானே அதைத் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

மறுநாள் பந்தி முடிந்ததும் வந்தார். அதே நாற்காலியில் உட்கார்ந்தார். நாளிதழை எடுக்கவே இல்லை.

பேப்பரில் ஒரே சாதி

'வளர்ச்சி' என்ற சொல்லில் நாங்கள் ஒரு மாதம் மாட்டிக்கொண்டோம். புத்தகங்களில் பாதி அதைப் பற்றித்தான். சில நாடுகள் வளர்ந்தவை, சில நாடுகள் பின்தங்கியவை. ஒருவன் எழுதியிருந்தான், அவை தாமாகப் பின்தங்கவில்லை, பின்தங்க வைக்கப்பட்டன என்று. அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நான் விழித்தேன்.

பதில் தாலுகா ஆபீஸில் கிடைத்தது. வேலைக்கு விண்ணப்பிக்கச் சாதிச் சான்றிதழ் வாங்கப் போயிருந்தேன். வரிசையில் நிற்கும்போது முத்திரை குத்திய தாளில் அந்தச் சொல்லைப் பார்த்தேன்: பிற்படுத்தப்பட்டோர். எத்தனையோ முறை பார்த்த சொல்தான். அன்றைக்குத்தான் படித்தேன். பிந்தியவர் இல்லை, யாரோ பிற்படுத்தியதால் பிற்பட்டவர். அந்த அறிஞர் புத்தகம் முழுக்க எழுதிச் சொன்னதை எங்கள் அரசாங்கக் குமாஸ்தா தினமும் ரப்பர் ஸ்டாம்பால் குத்திக்கொண்டிருந்தார்!

ஓட்டமும் நடையுமாக நூலகத்துக்குப் போய் முனிரத்தினத்திடம் காட்டினேன். மதம் மாறியதால் எங்கள் பெயர் இந்தப் பட்டியலில்தான் வரும். அவர் என் தாளை வாங்கி நெடுநேரம் பார்த்தார். அவர் அதைப் படித்தது நான் சொன்ன அர்த்தத்தில் அல்ல.

"எனக்கும் இதான் போட்டுருக்கு" என்றார். "அப்ப பேப்பர்ல நாம ரெண்டு பேரும் ஒண்ணு."

நான் தாளைப் பிடுங்கிப் பைக்குள் வைத்தேன். வெட்கம் என்று சொன்னால் பொய். அது சந்தோஷம். அந்த மாதிரி ஒரு சந்தோஷம் அதற்குப் பிறகு எனக்கு வரவில்லை. இதை எழுத இத்தனை வயசு ஆகவேண்டியிருந்தது.

காதல் என்ற வார்த்தையை நாங்கள் இரண்டு பேருமே பேசியதில்லை. அவர் என்னை நீ என்று கூப்பிட ஆரம்பித்தார், நான் நீங்க என்பதை விடவில்லை. அவ்வளவுதான் மாற்றம்.

ஒரு வாரத்துக்கு ஒரு வார்த்தை

இரண்டாயிரம் பிறந்து கொஞ்ச நாளில், சென்னை ஏஜென்ட் ஒருவர் சத்திரத்துக்குச் சாப்பிட வந்தார். சைவச் சமையலுக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தார். துபாய், மஸ்கட் என்று அடுக்கியவர் கடைசியில் சூடான் என்றதும் முனிரத்தினம் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாராம். எங்கள் ஊரில் அந்தப் பெயரைக் கேட்டுச் சந்தோஷப்பட்ட ஒரே ஆள் அவராகத்தான் இருப்பார். நைல் நதி, பருத்தி வயல், ஆப்பிரிக்காவும் அரபும் ஒன்றாகக் கிடக்கிற மண். நாங்கள் படித்ததெல்லாம் ஒரே ஊரில்.

எனக்கு வந்த பொறாமையைச் சொல்லி மாளாது. படித்துச் சொன்னது நான். போவது அவர்.

கிளம்பும் முன் நூலக வாசலில் நின்று சொன்னார்: "ரெண்டு வருஷம். வந்து அம்மா கிட்ட பேசறேன். நேர்ல தான் பேசணும், போன்ல சொல்ற விஷயமில்ல."

"எதப் பத்தி?" என்று கேட்டேன், தெரியாதவள் போல.

"காலனி ஆட்சியப் பத்தி" என்றார். பஸ் வந்துவிட்டது.

அவர் வீட்டில் போன் இல்லை. எங்கள் பூத் நம்பரைத்தான் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். வாராவாரம் வெள்ளிக்கிழமை, அங்கே விடுமுறை, அவர் கூப்பிடுவார். சரோஜம்மா முன்னதாகவே வந்து ஸ்டூலில் உட்கார்ந்து வெற்றிலை மடிப்பார். மகனுடைய வார்த்தை அவருக்கு. அதற்கு முந்தைய ஒரு வார்த்தை எனக்கு.

காலி. பாக்கி. அசல். ஜவாப். வக்கீல். நாம் தாலுகா ஆபீஸிலும் கடைத்தெருவிலும் தமிழ் என்று நினைத்துப் பேசுகிற சொற்களையெல்லாம் அவர் அரபு பேசும் ஊரில் ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து எனக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். "எஸ்தரு, அசல்னா இங்கயும் அசல்தான்." அந்த வாரம் முழுக்க யாராவது கடையில் 'அசல் நெய்' என்றால் எனக்கு உடம்பு சிலிர்க்கும். இதைப் பைத்தியம் என்றுதான் சொல்ல வேண்டும், நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

சரோஜம்மாவுக்கு என்னைப் பிடித்துப்போனது. அந்த ஊர் எப்படி இருக்கும் என்று கேட்பார். படித்ததையெல்லாம் சொல்வேன். சோளத்தில் களி கிண்டுவார்கள், வெள்ளை அங்கி போடுவார்கள், ஒருவரைப் பார்த்தால் நலம் விசாரிப்பதற்கே கால் மணி நேரம் ஆகும் என்பேன். "நீ போய் இருந்துட்டு வந்த மாதிரியே சொல்றியே கண்ணு" என்பார். ஒரு தரம் போனை வைத்துவிட்டு வந்து அவரே எனக்குச் சேதி சொன்னார்: "ரெண்டு ஆறு வந்து சேருதாம். ஒண்ணு வெளுப்பு, ஒண்ணு நீலமாம். கொஞ்ச தூரம் ஒட்டாமயே பக்கத்துல பக்கத்துல ஓடுதாம்."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா, ஒண்ணாத்தான் போவும். தண்ணிதானே."

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் எனக்கு ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவில் பொங்கலோ வடையோ கொண்டுவருவார். நான் தின்று, கழுவி, துடைத்துக் கொடுப்பேன். ஒரு நாள், "உங்க வீடு எங்கம்மா?" என்று கேட்டார்.

"காலனிம்மா."

"எந்தக் காலனி? ரயில்வே காலனிதானே?"

எங்கள் ஊரில் எல்லோரும் இப்படித்தான் கேட்பார்கள். கேட்கும்போதே நல்ல பதிலையும் கையில் கொடுத்துவிடுவார்கள், நாம் 'ஆமாம்' என்றால் போதும். நான் சொல்லவில்லை. "வெறும் காலனிம்மா" என்றேன்.

சரோஜம்மா வெற்றிலையைக் கொஞ்சம் அதிகமாக மென்றார். அடுத்த வெள்ளிக்கிழமையும் பொங்கல் வந்தது, அதே நெய், அதே முந்திரி, ஆனால் வாழையிலைப் பொட்டலத்தில். அதன் பிறகு டப்பா வரவே இல்லை. அன்பு குறையவில்லை, சத்தியமாகக் குறையவில்லை. அதுதான் எனக்கு ஜீரணிக்க முடியாமல் இருந்தது.

லைன் சரியில்லாத வெள்ளிக்கிழமை

இனி ஆரம்பத்தில் விட்ட இடத்துக்கு வருகிறேன்.

அன்று மணி அடிப்பதற்குக் கொஞ்சம் முன்னால்தான் சரோஜம்மா விஷயத்தைச் சொன்னார். "என் அண்ணன் பொண்ணும்மா, நகரியில கீது. சின்னதுலேருந்து இவன அத்த மவன்னு பாவா பாவான்னு சுத்திகினு இருந்த பொண்ணு. ஆறு மாசமா கேக்கறேன், புடி குடுக்கமாட்டேங்கறான். வந்து பேசறேன், வந்து பேசறேன்னே சொல்லிகினு கீறான். நீ ஒரு வார்த்த சொல்லேன், எஸ்தரு. படிச்ச பொண்ணு நீ. நீ சொன்னா கேப்பான்."

எனக்குக் காது அடைத்தது. துடைத்த மீட்டரையே மறுபடி துடைத்துக்கொண்டிருக்கும்போதுதான் அந்த 'க்ளுக்'.

எடுத்தேன். ஸ்டேஷனில் ஒரு கூட்ஸ் வண்டி கடந்துகொண்டிருந்தது, முடிவில்லாத கூட்ஸ் வண்டி. அந்தக் காலத்து வெளிநாட்டு லைனில் நம் பேச்சு போய்ச் சேர ஒரு மூச்சு நேரம் ஆகும். முனிரத்தினம் வழக்கம்போல ஒரு வார்த்தை சொல்லவில்லை. வேகமாக, நீளமாக ஏதோ சொன்னார். இரும்புச் சத்தத்துக்கு நடுவே கடைசியில் என் பெயர் மட்டும் கேட்டது.

"ஆங்?" என்றேன்.

மறுமுனையில் நிசப்தம். மூச்சு நேரத்தைவிட நீளமான நிசப்தம். பிறகு, "சரி. அம்மா கிட்ட குடு" என்றார்.

கொடுத்தேன். கண்ணாடிக்கு வெளியே நின்று சரோஜம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது மெல்ல மலர்வதைப் பார்த்தேன். வெளியே வந்தவர் என் கன்னங்களை இரண்டு கையாலும் வழித்துத் தன் நெற்றிப்பொட்டில் சொடக்கிக்கொண்டார். "ஒத்துகினாம்மா! நீ இன்னா சொன்னியோ, எது சொன்னியோ, உன் வாய் முகூர்த்தம்." காலனி என்று தெரிந்த பிறகு அவர் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைகளில் பூத்தில் சித்தப்பாவை உட்கார வைத்தேன். தலைவலி, சர்ச் வேலை என்று காரணம் சொன்னேன். வந்து பேசுகிறேன் என்றவர், ஒரு போனில், என்னிடம் ஒரு வார்த்தையும் கேட்காமல், தலையாட்டிவிட்டாரே என்று உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தேன். 'இதர' அலமாரிப் பக்கமே போகவில்லை. சூடான் என்று செய்தியில் வந்தால் ரேடியோவை அணைப்பேன். அணைத்துவிட்டு, செய்தியில் என்ன சொல்லியிருப்பார்கள் என்று மறுபடி போடுவேன்.

பத்திரிகை

கல்யாணத்துக்கு நாலைந்து நாள் இருக்கும்போது முனிரத்தினம் பூத்துக்கு வந்தார். வெயிலில் கறுத்து, கன்னம் ஒட்டி, வேறு ஆளாக இருந்தார். வெளியே ஆட்டோ நின்றது. பின்சீட்டில் சரோஜம்மா, மடியில் பத்திரிகைக் கட்டு. நகரிக்குப் போகும் வழியாம்.

பத்திரிகையை மேசை மேல் வைத்தார். மூலையில் மஞ்சள் தடவியிருந்தது. நான் எடுக்கவில்லை.

"நீ சொன்னதுக்கு அப்புறந்தான் ஒத்துகினேன்" என்றார்.

"நான் இன்னா சொன்னேன்?"

"அன்னைக்குக் கேட்டேனே. அம்மா சொல்ற பொண்ண கட்டிக்கட்டுமா, இல்ல நம்ம விஷயத்த இப்பவே போன்ல போட்டு ஒடைச்சிடட்டுமா, கட்டிக்கட்டுமா எஸ்தருன்னு. நீதான் ஆங்னு சொன்ன."

எங்கள் பக்கத்தில் ஆமாம் என்பதற்கும் ஆங்தான். காது கேட்காவிட்டால் 'என்ன?' என்பதற்கும் ஆங்தான். குரல் கீழே இறங்கினால் ஒன்று, மேலே ஏறினால் இன்னொன்று. நேரில் பேசும்போது ஒருத்தரும் தப்பு செய்யமாட்டார்கள். கடல் தாண்டி வந்த குரலில் ஏற்றமும் இறக்கமும் எங்கே இருக்கிறது?

அத்தனை மாதக் கோபமும் ஒரு நொடியில் போக்கிடமில்லாமல் நின்றது.

"கூட்ஸ் வண்டி போயிகினு இருந்தது" என்றேன். "நீ கேட்டதே என் காதுல விழல. ஆங்னு ஒரு சத்தம் போதுமா உனக்கு? இன்னொரு தரம் கேட்டுருக்கக் கூடாதா நீ?"

முதல் தடவையாக அவரை நீ என்றேன். அதை இரண்டு பேருமே கவனித்தோம்.

முனிரத்தினம் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்புறம், "அம்மா கிட்ட இப்பவே போய்..." என்று ஆரம்பித்து வாசல் பக்கம் திரும்பினார். அவர் சொல்லியிருப்பார். இன்றுவரை எனக்கு அதில் சந்தேகமில்லை. நகரியில் பந்தக்கால் நட்டிருந்தார்கள். சின்ன வயதிலிருந்து பாவா என்று கூப்பிட்ட ஒரு பெண் கைக்கு மருதாணி அரைத்துக்கொண்டிருப்பாள். அவள் பெயர் என் முன்னால் சிவப்பு எழுத்தில் இருந்தது. அவள் யாருடைய நாட்டையும் பிடிக்க வந்தவள் இல்லை.

அதற்குள் ஆட்டோவிலிருந்து சரோஜம்மா தலையை நீட்டிக் கூப்பிட்டார்: "எஸ்தரு! மொதல் நாளே வந்துடணும் கண்ணு! நீ இல்லாம என் வூட்டுல கல்யாணமா? வருவல்ல?"

முனிரத்தினம் வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆங்!" என்று கத்தினேன், தெருவுக்கே கேட்கும்படி.

அது எந்த ஆங் என்று இந்த முறை அவர் சரியாகப் புரிந்துகொண்டார்.